தானாக உயரும் கை: அது தசைப்பிடிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புறங்கையால் சுவரை அழுத்திவிட்டு விலகினால் கை தானே மேலெழும் என்ற சோதனையைச் சிறுவர் பகுதியில் வெளியிட்டிருந்தீர்கள். நல்ல சோதனைதான். ஆனால் '10 விநாடி போதும்' என்பதை நம்பிச் செய்யும் பிள்ளைகளில் பலருக்குக் கை அசையாது. 'அமுங்கிய தசை ஸ்பிரிங் போல விடுபடுகிறது' என்ற விளக்கமும் தவறு.

சுவருக்குப் பக்கவாட்டில் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். முழங்கையை மடக்காமல், புறங்கையைச் சுவரில் வைத்து வெளிப்புறமாக அழுத்த வேண்டும். முழு பலமும் வேண்டாம், பாதிக்குச் சற்று மேல் போதும். 30 முதல் 60 விநாடி வரை விடாமல் அழுத்த வேண்டும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்; இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே செய்யலாம். தோள்வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம். பிறகு விலகி வந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால், ஓரிரு விநாடி ஒன்றும் நடக்காது. அதன்பின் மெல்ல உயரத் தொடங்கும். சிலருக்குத் தோள் மட்டம் வரை போகும்.

பலர் தோற்பது இரண்டு இடங்களில். உடம்பைச் சுவரில் சாய்த்துவிட்டால் எடைதான் அழுத்துகிறது, தோள்தசை சும்மா இருக்கிறது. விலகிய பிறகும் தோளை விறைப்பாகப் பிடித்திருந்தால் கை எழாது. எல்லாம் சரியாகச் செய்தும் கை உயராதவர்களும் கணிசமாக உண்டு. அது குறைபாடு அல்ல.

ஸ்பிரிங் என்றால் விட்டவுடன் துள்ள வேண்டுமே, ஏன் காத்திருக்கிறது? தசையின் மின்செயல்பாட்டைப் பதிவுசெய்யும் மின்முனையைத் தோள்தசையின் மேல் ஒட்டிப் பார்த்தால் விடை தெரியும். அழுத்தம் நின்றதும் தசை ஏறக்குறைய அடங்கி, சிறு இடைவெளிக்குப் பின் மின்செயல்பாடு படிப்படியாக ஏறுகிறது. நாமே கையைத் தூக்கும்போதும் தசையில் எழுவது இதே வகைச் செயல்பாடுதான். அதாவது நரம்பு மண்டலம் தசைக்குப் புதிதாகக் கட்டளை அனுப்புகிறது. நாம் அனுப்பியதாக மட்டும் உணர்வதில்லை. கை பஞ்சு போல் லேசாகத் தோன்றுவது இதனோடு சேர்ந்த அனுபவம். நடுவில் ஒரு தடையை வைத்தால் கை அங்கே நின்று, தடை போனதும் மேலே தொடரும். வேண்டாமென்று நினைத்தால் நிறுத்தவும் முடியும்.

தசைப்பிடிப்பை அப்படி நினைத்து நிறுத்த முடியுமா? அது வலிக்கும், தசை கட்டியாக இறுகும், நீட்டிவிட்டால் தளரும். நீங்கள் வெளியிட்ட சோதனையின் தலைப்பில் 'தசைப்பிடிப்பு' என்று போட்டது பொருந்தவில்லை. ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஆஸ்கர் கோன்ஸ்டாம் 1915இல் கை தானே உயரும் இந்த நிகழ்வை விவரித்ததால் 'கோன்ஸ்டாம் நிகழ்வு' என்றே வழங்குகிறது.

இன்னொன்று: உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெரிய தசைகளில்தான் இது நன்றாகத் தெரியும். விரல்களில் முயன்று பார்க்கச் சொல்லும் உங்கள் கடைசி வரியை நீக்கிவிடலாம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவ ஆசிரியர்கள் இருவர்