பாட்டிலின் மேலே நிற்கும் எண்ணெயும் தட்டில் உதிர்ந்துபோன பீநட் பட்டர் ஜாம் பாரும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து நம் கடை வாட்ஸ்அப்புக்கு வரும் படங்களில் பாதி ஒரே பண்டத்தின் படங்கள்தான். அதுதான் பீநட் பட்டர் ஜாம் பார், பிஸ்கட் மாதிரி அடுப்பில் சுட்டெடுப்பது: பீநட் பட்டர் (வறுத்த வேர்க்கடலை விழுது), ஜாம், மேலே உதிர்த்த மாவு, சதுரமாக வெட்டிய துண்டுகள். பிள்ளைகள் எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், நீங்களும் நம்மிடம் வாங்கிய பீநட் பட்டரை வைத்துச் செய்து பார்க்கிறீர்கள். அதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் படத்தோடு வந்த செய்திகள்தான் இந்த மடலை எழுத வைத்தன. வேலூரிலிருந்து ஒரு அக்கா, கத்தி வைத்ததும் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது, உங்கள் பீநட் பட்டரில் கோளாறா என் கையில் கோளாறா என்று கேட்டிருந்தார். அதே வாரம் இன்னொருவர், துண்டுகளிலிருந்து எண்ணெய் கசிந்து டிபன் டப்பாவே ஊறிப்போனது என்று எழுதியிருந்தார். இருவருக்கும் போனது ஒரே நாள் அரைத்த சரக்கு.

நாங்களே செய்து பார்க்காமல் பதில் சொல்வது முறையில்லை என்று தோன்றியது. ஒரு மாதமாக அலமாரியில் அசையாமல் இருந்த அரைக் கிலோ பாட்டில் ஒன்றை எடுத்தோம். மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் தெளிந்து நின்றது. அதைக் கலக்காமல், மேல்பாதியை வைத்து ஒரு தட்டும் அடிப்பாதியை வைத்து ஒரு தட்டும் சுட்டோம். மாவு, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு. முதல் தட்டு அடுப்பில் இருக்கும்போதே ஓரங்களில் வடைச் சட்டி மாதிரி எண்ணெய் குமிழிட்டது, எடுத்தபோது அடியில் போட்ட பேப்பர் கண்ணாடிபோல ஆகியிருந்தது. இரண்டாவதற்கு அடிப்பாதியைக் கரண்டிக் காம்பால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. களிமண் போல இருந்தது, வெண்ணெயோடு சேராமல் கட்டி கட்டியாகவே நின்றது. வெந்த பிறகு வெட்டப் போனால் பொரிவிளங்காய் உருண்டையை உடைத்த மாதிரி சிதறியது. அந்த அக்காவின் படத்தில் இருந்தது அச்சு அசல் இதுதான். ஆக, அவர் கையில் கோளாறு இல்லை. நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள் என்று லேபிளில் பெரிதாகப் போடாதது எங்கள் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் செய்முறைக்குப் போகலாம். நிலக்கடலையின் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற அந்தப் பயிரைச் செக்கில் போட்டு ஆட்டினால் எண்ணெய் தனியாக வந்துவிடும், பிண்ணாக்கு தனியாக நின்றுவிடும். கல்லில் போட்டு விழுதாக அரைக்கும்போது இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனால் பாட்டிலில் வைத்த பிறகு கனமான விழுது மெல்லக் கீழே இறங்கி எண்ணெய் மேலே ஏறிவிடுகிறது. பீநட் பட்டர் பெரிய தொழிலாக வளர்ந்த அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இதே பாடுதான். 1920களின் தொடக்கத்தில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் என்பவர், கடலை எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி அதைக் கெட்டியாக்கினால் பிரியாமல் நிற்கும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். இன்றும் பெரும்பாலான கம்பெனிச் சரக்கு அந்த வழியில்தான் நிற்கிறது, கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்போ பாமாயிலோ சேர்த்து. அங்கே சட்டப்படி பீநட் பட்டர் என்று பெயர் போட வேண்டுமானால் 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும், மீதி 10 சதவீதத்துக்குள்தான் சர்க்கரை, உப்பு, கெட்டிக் கொழுப்பு எல்லாம். நீங்கள் பார்க்கிற அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் அந்தச் சரக்கை மனதில் வைத்து எழுதியவை. நம்முடையதில் வறுத்த கடலையும் கொஞ்சம் உப்பும் மட்டும்தான். அதை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை, அளவுகளைத்தான் நாம் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

முதலில் கலக்குவது. முந்தின நாள் இரவே பாட்டிலை மூடி இறுக்கித் தலைகீழாக வைத்துவிடுங்கள். காலையில் திறந்து, ஈரமில்லாத நீளமான கரண்டிக் காம்பை அடிவரை விட்டு, அடியிலிருந்து மேலாக மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். ரொம்பக் கெட்டியாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைப் பத்து நிமிடம் நிற்க வைத்தால் இளகிவிடும் (ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி பாட்டிலை உடனே சூடான தண்ணீரில் வைத்துவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்). கரண்டியிலிருந்து விட்டால் தோசை மாவு போல ஒரே சீராக இறங்க வேண்டும். அதுதான் கணக்கு.

இப்போது அளவு. எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்குச் சொல்கிறேன். உப்பில்லாத வெண்ணெய் 90 கிராம் (கம்பெனிச் சரக்கு என்றால் 115 போடலாம், நம்முடையதில் எண்ணெய் இளகி இருப்பதால் குறைத்திருக்கிறோம்), சர்க்கரை 150 கிராம், இரண்டையும் நுரைக்க அடித்து, ஒரு முட்டையும் ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸும் சேர்த்து, கலக்கிய பீநட் பட்டர் 250 கிராமையும் போட்டு ஒன்றாக்குங்கள். மைதா 190 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் மூன்றையும் சலித்து அதில் சேர்த்து, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசையத் தொடங்கினால் துண்டு கடிக்க முடியாமல் இறுகிவிடும். முட்டை சேர்க்காத வீடுகளில், துணியில் வடித்த கெட்டித் தயிர் மூன்று டேபிள்ஸ்பூன் போட்டுச் செய்யலாம். கொஞ்சம் கேக் பக்கம் போகும், ஆனால் உதிராது.

மாவில் மூன்றில் இரண்டு பங்கை, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் விரலால் அழுத்திப் பரப்புங்கள். பேப்பர் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும், பிறகு தூக்கி எடுக்க அதுதான் கைப்பிடி. மேலே ஜாம் 225 கிராம். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பரப்புங்கள், தட்டின் விளிம்பைத் தொட்ட ஜாம் கருகிப் பாகாகி ஒட்டிக்கொள்ளும். மீதி மாவைக் கையால் பிய்த்துப் பிய்த்து மேலே போட்டு, ஒன்றிரண்டாக இடித்த வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி தூவினால் முடிந்தது. முழுவதும் மூட வேண்டாம், இடையிடையே ஜாம் தெரிய வேண்டும்.

ஜாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், பலரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். 1901-ல் பாஸ்டன் சமையல் பள்ளி இதழில் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் என்பவர் கடலை விழுதையும் ஜெல்லியையும் சேர்த்து ஒரு சாண்ட்விச் எழுதினார், அச்சில் வந்தவற்றில் முதலாவதாக அதைத்தான் சொல்கிறார்கள். அவர் சொன்ன ஜெல்லி கரன்ட் என்ற சின்னப் பழமோ கிராப் ஆப்பிள் என்ற குட்டி ஆப்பிளோ, இரண்டுமே நல்ல புளிப்பு. கடலையின் கொழுப்புக்கு எதிரே நிற்பது இனிப்பு அல்ல, அந்தப் புளிப்புதான். நம் கடைகளில் கிடைக்கும் கலப்புப் பழ ஜாமில் புளிப்பு குறைவு, அதனால் அப்படியே போட்டால் திகட்டும். அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கலந்துவிடுங்கள், வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும். நேரம் இருந்தால் கம்பம் பன்னீர் திராட்சை அரைக் கிலோ வாங்கி நீங்களே ஜாம் காய்ச்சுங்கள். அமெரிக்காவில் இதற்குப் போடும் கான்கார்ட் திராட்சைக்கு உறவு பெங்களூர் நீலத் திராட்சைதான், ஆனாலும் வாசனைக்கும் தோலின் துவர்ப்புக்கும் பன்னீர் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பழத்தை மசிய வேகவைத்து, கொட்டை போக வடிகட்டி, 250 கிராம் சர்க்கரையும் ஒரு எலுமிச்சையின் சாறும் சேர்த்துக் காய்ச்சுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். நீர்த்த ஜாமைப் போட்டால் அடி மாவு அதைக் குடித்துவிட்டுக் கொழகொழவென்று வேகாமல் நிற்கும்.

ஓடிஜி என்கிற மின் அடுப்பை மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய 175 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, நடுத்தட்டில் 40 முதல் 45 நிமிடம். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் 160 போதும். மேலே உள்ள மாவு பொன்னிறமாகி, நடுவில் ஜாம் கொதித்தால் எடுத்துவிடலாம். குக்கரிலோ மணல் போட்ட வாணலியிலோ செய்யலாமா என்று கேட்கிறார்கள். நாங்கள் இரண்டு முறை முயன்றோம், அடி கருகி மேலே வெளுத்தே இருந்தது. வேண்டாம்.

எடுத்தவுடனே வெட்டாதீர்கள். தயவுசெய்து. பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், வீடே கடலை வாசனையாக இருக்கும், கஷ்டம்தான். ஆனால் சூட்டில் வெண்ணெயும் கடலை எண்ணெயும் இளகியே இருக்கும், ஜாமும் ஓடும், எவ்வளவு சரியாகச் சுட்டிருந்தாலும் உதிரத்தான் செய்யும். தட்டிலேயே இரண்டு மணி நேரம், அப்புறம் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம். பிறகு பேப்பரோடு தூக்கி, பெரிய கத்தியால் இழுக்காமல் நேராக அழுத்தி வெட்டுங்கள். 16 துண்டு வரும். வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். எறும்பு மோப்பம் பிடித்துவிடும், இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

கோதுமை மாவு போடலாமா என்பது அடுத்த கேள்வி. பாதி மைதா பாதி கோதுமை நன்றாக வருகிறது, முழுக்கக் கோதுமை என்றால் வறண்டுவிடுகிறது. நாட்டுச்சர்க்கரை தாராளமாகப் போடலாம், சலித்துவிட்டு, மொத்தச் சர்க்கரை 150 கிராமில் 100 கிராம் வரை. கடலையோடு அதற்குள்ள பொருத்தத்தைக் கடலை மிட்டாய் தின்று வளர்ந்த நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்தநாள், பள்ளி, அலுவலகம் என்று எங்கே கொடுத்தனுப்பினாலும் இதில் வேர்க்கடலை இருக்கிறது என்று டப்பாவின் மேல் எழுதி அனுப்புங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு ஒரு கடிகூட உயிருக்கு ஆபத்தாகலாம், ஜாம் நிறத்தைப் பார்த்து உள்ளே கடலை இருப்பது குழந்தைக்குத் தெரியாது.

அடுத்த முறை அரைக்கும் சரக்கிலிருந்து மூடியின் மேலேயே “அடிவரை கலக்கிவிட்டு எடுக்கவும்” என்று ஒட்டி அனுப்புகிறோம். ஏற்கெனவே வாங்கிய பாட்டிலில் அடிப்பகுதி கல்லாக இறுகிவிட்டதென்றால் தூக்கிப் போடாதீர்கள், கடைக்குக் கொண்டுவந்தால் எங்கள் கல்லிலேயே மறுபடி ஓட்டிக் கொடுத்துவிடுகிறோம், காசு வேண்டாம். வெளியூர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள், அடுத்த பார்சலோடு ஒரு புதுப் பாட்டில் வைத்துவிடுகிறோம். வேலூர் அக்காவுக்கு ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் கடலைக் கடையிலிருந்து