தபாலில் அனுப்புங்கள்: மெல்போர்னில் உள்ள ஓர் இத்தாலியச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். நான் உங்கள் சங்கத்தில் குடும்ப உறுப்பினர். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாக்காரர் ஒருவரின் மருமகள், பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். இதே விஷயமாக உங்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்கு ஒரு லிங்க் வந்தது. இரண்டாவதற்கு, "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று மெஷின் பதில் போட்டது. அதனால் மூன்றாவதைத் தமிழில் எழுதுகிறேன், எல்லாரும் பார்க்கும்படி. உங்களில் ஒருவருக்கும் இது புரியாது. தமிழ் தெரிந்த யாரையாவது தேடிப் பிடித்து, அவருக்கு நேரம் இருக்கிற அன்றைக்கு வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் மாதச் செய்திமடல் என் மாமனாருக்கு அப்படித்தான் கிடைக்கிறது. அதுவும் கிடைத்தால்.

நான் கேட்பது ஒன்றுதான். செய்திமடலை மறுபடி இத்தாலியனில், பெரிய எழுத்தில், காகிதத்தில் அச்சடித்து, வேண்டும் என்கிற பெரியவர்களுக்குத் தபாலில் அனுப்புங்கள்.

பழைய மடல் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அப்பாக்களும் தாத்தாக்களும் போட்டதுதான். நடுவில் மடித்த ஒரே தாள், நாலு பக்கம். முதல் பக்கத்தில் தலைவர் இரண்டு பத்தி எழுதியிருப்பார், அதை யாரும் படிக்க மாட்டார்கள். உள்ளே போச்சே பந்தாட்டத்தில் ஜெயித்தவர்கள், தொம்போலா என்கிற எண் குலுக்கல் ஆட்டத்துக்கு யார் என்ன பரிசு கொடுத்தார்கள், கடைசி ஞாயிறு சாப்பாட்டில் என்ன பாஸ்தா, பஸ் டூர் எங்கே. பிப்ரவரி என்றால் தக்காளி சாஸ் போடும் நாள், ஜூன் ஜூலை என்றால் பன்றி இறைச்சியில் சாஸேஜ் கட்டும் நாள். இத்தாலியில் தக்காளிக்கு ஆகஸ்ட், பன்றிக்கு ஜனவரி. இங்கே பருவம் தலைகீழ் என்பதால் மாதங்களும் தலைகீழ். பின்பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு இறந்தவர்களின் பெயர், பிறந்த ஊர், அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு. என் மாமியார் அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். முன்பக்கத்துக்கு வருவதற்குள் இரண்டு பேருக்கு போன் போட்டிருப்பார்.

கோவிட் ஊரடங்கில் அதை நிறுத்தினீர்கள். தற்காலிகம் என்றீர்கள். சரி, அப்போது எல்லாமே நின்றது. அப்புறம் வந்ததுதான் இந்த ஈமெயில் மடல். முழுக்க ஆங்கிலம். மேலே பெரிதாக ஒரு படம்: ஆரஞ்சு நிற ஸ்பிரிட்ஸ் மதுக் கோப்பை, பின்னால் கலங்கலாக நாலு இளைஞர்கள். அடுத்ததாக 'நொன்னாவோடு (பாட்டியோடு) ஒரு சமையல் மாலை', டிக்கெட் வாங்க இங்கே அழுத்தவும். மாவு ஒட்டிய கையோடு ஞோக்கி என்கிற உருளைக்கிழங்கு உருண்டைகளை உருட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாட்டியை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது தெரு. அவரிடம் ஈமெயில் கிடையாது. தன் முகத்தை வைத்து டிக்கெட் விற்கிறீர்கள் என்பது நான் போய்ச் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. "படத்தில் நன்றாக இருக்கிறேனா?" என்று கேட்டார். இருக்கிறீர்கள் என்றேன்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

மாமனாருக்கு 88 வயது. புதன்கிழமை காலை பிரிஸ்கோலா சீட்டாட்டத்துக்கு ட்ராம் பிடித்துத் தானே போவார். நாற்பது சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. அவருக்கும் அவர் கூட்டாளிக்கும் நாற்பது வருஷ ஜோடி. இந்த ஆட்டத்தில் கூட்டாளிக்கு ஜாடை காட்டலாம், அது கள்ளாட்டம் இல்லை. கையில் மூன்றாம் எண் சீட்டு இருந்தால் வாயை ஒரு பக்கமாகக் கோணுவார்கள். குதிரைச் சீட்டு இருந்தால் தோளைக் குலுக்குவார்கள். எதிராளி பார்க்காத அந்த அரை நொடியில் செய்ய வேண்டும். அந்தக் கூட்டாளிதான் செவ்வாய் ராத்திரி போன் செய்து சங்கச் செய்தி எல்லாம் சொல்வார். அவருக்கு அவருடைய மகள் உங்கள் ஈமெயிலை வாசித்துக் காட்டுவாள். இரண்டு கை மாறி செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. தன் காது மெஷினில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார் மாமனார். மறுநாள் காலை வழக்கம்போல டை கட்டி, பழுப்பு ஜாக்கெட் போட்டு, கையில் ஒரு பாட்டில் மிளகாயோடு கிளம்பினார். எங்கள் கொல்லையில் நான் போட்ட மிளகாய்; அவர் அதை ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்துக் கூட்டாளிக்கு எடுத்துப் போவார். (கலாப்ரியாக்காரர்களுக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கும் சம்பந்தம் ஒத்துப்போனதே இந்த மிளகாயில்தான் என்பது என் எண்ணம்.)

சங்கத்துக் கதவு பூட்டியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம் போல என்று போச்சே தளத்துப் பக்கம் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து மணியிலிருந்து பதினொன்று இருபது வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நல்ல குளிர். கடைசியில் வெள்ளிக்கிழமை ஸ்பிரிட்ஸ் இரவுக்குச் சரக்கு இறக்க வேனில் வந்த பையன்தான், "எல்லாரும் அடக்கத்துக்குப் போயிருக்கிறார்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறான். யாருடைய அடக்கம் என்றார் மாமனார். பையனுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. நல்ல பையன், போனில் உங்கள் செய்திமடலைத் திறந்து நீட்டினான். மாமனாரிடம் படிக்கிற கண்ணாடி இல்லை. எழுத்து தெரியவில்லை. படம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவர் மிளகாய் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, டையைக் கழற்றாமல் அன்று சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஃபாக்னர் கல்லறைக்குக் கூட்டிப் போனோம். புது மண். பெயர்ப் பலகைகூட இன்னும் வைக்கவில்லை.

உங்கள் செயலாளர் ஒரு வார்த்தை சொன்னார்: "தகவல் திங்கள்கிழமையே எல்லா உறுப்பினருக்கும் போய்விட்டது." உண்மைதான், போயிருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன். என் மாமியார் பெயரில் இருக்கிற ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. அவர் இறந்து மூன்றரை வருஷமாகிறது. உயிரோடு இருந்தவரை அவர்தான் ஐபேடில் திறந்து, ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறி வாசித்து, கணவருக்குக் கலாப்ரியப் பேச்சில் சொல்வார். அதன் பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. உங்களிடமிருந்து வந்து திறக்கப்படாமல் கிடந்தவை 41. இதில் எங்கள் தவறும் இருக்கிறது. நானோ என் கணவரோ அதை முன்பே கவனித்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இறந்த செய்தியைக் கறுப்புக் கட்டம் போட்டு வெளியிட்டதும் நீங்கள்தானே?

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு: நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகணும். அவர் போகாமல் இருக்கவில்லை. கேள்விப்பட விடாமல் செய்துவிட்டோம், நாம் எல்லாரும் சேர்ந்து. தெற்கு இத்தாலி ஊர்களில் இறந்தவர் பெயரைக் கறுப்புக் கரை போட்ட போஸ்டரில் அடித்துத் தெருச் சுவரில் ஒட்டுவார்கள் என்று மாமனார் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊர்ச் சுவர்களிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறோம். படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைப் பார்த்து நின்றுவிடுவார். சுவருக்கு பாஸ்வேர்ட் வேண்டாம்.

"பெரியவர்களுக்கும் சங்கத்தின் செயலியைக் கற்றுக்கொடுக்கிறோம், சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது" என்கிறீர்கள். சந்தோஷம். அந்த வகுப்பு நடக்கிற செய்தியையும் செயலியில்தான் போட்டிருக்கிறீர்கள்.

அவர் படிக்கத் தெரியாதவர் இல்லை. 1959-இல் இந்த ஊரில் தொடங்கிய இல் குளோபோ என்கிற இத்தாலியப் பத்திரிகையை இன்றைக்கும் பூதக்கண்ணாடி வைத்து வரி விடாமல் படிக்கிறார். 1951-இல் இத்தாலி, ஆஸ்திரேலியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தபின் கப்பல் கப்பலாக வந்தவர்களில் ஒருவர். 1955-இல் 18 வயதில் மெல்போர்னின் ஸ்டேஷன் பியர் துறையில் இறங்கினார். வழியில் கொழும்பில் கப்பல் நின்றபோது முதல்முதலாக அன்னாசி தின்ற கதையை, நான் தமிழச்சி என்பதற்காகவே, எனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார். பகலில் தொழிற்சாலையில் வேலை. அவர்கள் பாஷையில் அது 'ஃபாத்தோரியா'. இத்தாலியில் அந்தச் சொல்லுக்குப் பண்ணை என்று பொருள். ஃபாக்டரியை இங்கே அப்படி ஆக்கிக்கொண்டார்கள். நாம் 'பஸ்ஸை' எடுத்துக்கொண்ட மாதிரி. சனி ஞாயிறில் சங்கக் கட்டடத்துக்குக் கான்கிரீட் கலக்கியிருக்கிறார். நீங்கள் ஸ்பிரிட்ஸ் ஊற்றுகிற கூடத்தின் தரை அது. அந்தக் காலத்தில் ட்ராமில் இத்தாலியன் பேசினால் முறைப்பார்களாம். தங்கள் பாஷையை யாரும் முறைக்காமல் பேச ஓர் இடம் வேண்டும் என்றுதான் சங்கம் கட்டினார்கள். இப்போது அந்த இடத்திலிருந்து வருகிற ஒரே கடிதமும் ஆங்கிலத்தில் வருகிறது.

கோபத்தில் எங்கோ போகிறேன், போகட்டும். வங்கிக் கிளையை மூடிவிட்டு ஆப்பில் பாருங்கள் என்கிறார்கள். கார் நிறுத்த ஆப், டாக்டரைப் பார்க்க ஆப், உணவகத்தில் மெனு கேட்டால் மேஜையில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைக் காட்டுகிறார்கள். எங்கள் தமிழ்ச் சங்கங்கள் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த பெரியவரை வாசலில் நிறுத்தி, "ஆன்லைனில் பதிவு செய்தீர்களா?" என்று கேட்ட ஒரு பையனை நானே பார்த்தேன். அவனைப் பெற்றவர்கள் என் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் படிக்கிற தமிழர்கள் யாராவது எங்கேயாவது செயற்குழுவில் இருந்தால், இந்த மடல் பாதி உங்களுக்கும்தான்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். வீட்டில் இத்தாலியன் பேசுகிறவர்கள் என்று ஆஸ்திரேலியாவில் 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிந்தவர்கள் 2,71,000-க்கு மேல். 2021-இல் அது 2,28,000 சொச்சம். ஐந்து வருஷத்தில் குறைந்த அந்தத் தொகையில் பாதிப் பேராவது ஏதோ ஒரு சங்கத்தில் புதன்கிழமை சீட்டு ஆடியவர்களாக இருப்பார்கள். இன்னும் பத்து வருஷம் பொறுத்தால் தபால் கேட்க ஆளே இருக்காது, பிரச்சினை தானே தீர்ந்துவிடும். அந்தக் கணக்கில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை.

மன்னிக்க வேண்டும். மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

அச்சுச் செலவு, தபால் தலைச் செலவு என்று பொருளாளர் சொல்வார். முதல் ஆறு மாதத் தபால் தலைக்கு எங்கள் வீட்டிலிருந்து தருகிறோம். இத்தாலியனில் எழுத ஆள் இல்லை என்பீர்கள். புதன்கிழமை மேஜையில் இருக்கிற எட்டுப் பேரும் எழுதுவார்கள், கேட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழை இருக்கும், சண்டையும் வரும். மடித்து உறையில் போட ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். என் கல்யாணத்துக்கு ஐந்நூறு பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் போட்டு, முகவரி எழுதிய கை இது. உங்களுடையது எண்பதோ நூறோ இருக்கும். ஒரு மத்தியான வேலை. ஆங்கில ஈமெயிலும் போகட்டும், ஸ்பிரிட்ஸும் ஓடட்டும், சங்கத்துக்குப் பணம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பின்பக்கக் கறுப்புக் கட்டம் மட்டும் தபாலில், இத்தாலியனில் வரட்டும். மாத நடுவில் யாராவது இறந்தால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு போன் போடச் சொல்லுங்கள். பட்டியல் கொடுத்தால் அதையும் நானே செய்கிறேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் அதற்குப் போதும்.

கடைசியாக ஒன்று. ஜூன் 2 குடியரசு நாள் விருந்துக்கு வருவீர்களா, எத்தனை பேர் என்று கேட்டு ஒரு லிங்க் வந்திருக்கிறது, என் மாமியார் பெயருக்கு. இரண்டு பேர் என்று நீங்களே முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்த லிங்க் எனக்குத் திறக்கவில்லை. அதனால் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாமனார் வருவார். ஒரு இலை போதும்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர் ஒருவரின் மருமகள்