வாய்தாவை வெட்டிவிடாதே

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நாவலை வைத்து நீ எழுதின திரைக்கதையை இரண்டு தடவை படித்தேன். நாவலில் தோற்கிற கேஸைப் படத்தில் ஜெயிக்கவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டு சுமந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? சரி, கேட்டுவிட்டாய்.

மாற்றுவதில் தப்பில்லை கண்ணு. ஜான் கிரிஷாம் 1996ல் எழுதிய 'தி ரன்அவே ஜூரி' நாவலில் வழக்கு சிகரெட் கம்பெனி மேல். 2003ல் வந்த படத்தில் அது துப்பாக்கிக் கம்பெனி ஆகிவிட்டது. தீர்ப்பு சொல்ல உட்காரவைக்கிற சாதாரண ஜனங்களை, அதாவது ஜூரியை, விலைபேசுகிற கதை மட்டும் அப்படியே நின்றது. நம்மூரில் ஜூரியும் கிடையாது, ஜட்ஜ் மேஜையில் சுத்தியலும் கிடையாது. மூன்றாவது சீனில் ஒரு சுத்தியல் வைத்திருக்கிறாய், முதலில் அதை எடு.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம கோயமுத்தூர் ஆட்டோக்காரர் மு. சந்திரகுமார், ஆந்திராவில் போலீசிடம் பட்ட அடியை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதைத்தான் 'விசாரணை' ஆக்கினார். தேசிய விருதும் வாங்கியது. படத்தின் பின்பாதி புத்தகத்தில் இல்லை. ஆனால் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்களே, அது புத்தகத்தில் இருந்து வந்தது. அதில் கை வைத்திருந்தால் பின்பாதியை யார் நம்பியிருப்பார்கள்?

உன் கதையில் கை வைக்கக்கூடாத அந்த இடம் வாய்தாதான், கேஸை அடுத்த தேதிக்குத் தள்ளிப்போடுகிறார்களே, அது. பதினோரு வருஷக் கிணற்று வழக்கை 'சில ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய்.

என் கட்சிக்காரர் ஒருவர் இருந்தார். கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறைக்காக வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளுத்த வேட்டி, கையில் தூக்குப்போசி. டவாலி மூன்று தடவை பேரைக் கூப்பிடுவார், இவர் ஓடுவார், அடுத்த தேதி சொல்வார்கள். பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போசியைத் திறப்பார். "அடுத்து எப்பங்க?" துண்டுச் சீட்டில் தேதி எழுதித் தருவேன், நாலாக மடித்து டவுசர் பைக்குள் வைத்துக்கொள்வார். சில நாள் சாப்பாட்டையே மறந்துவிட்டு பஸ் ஏறிவிடுவார், போசி நம் வீட்டுக்கு வரும். அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று உன் அம்மாவைக் கேள், தெரியாது என்பாள். போசியைப் பற்றிக் கேள், மூடி நசுங்கினது வரை சொல்வாள்.

அடுத்த மாசம் வருகிறேன் என்றாய். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டு ஓடாதே, கோர்ட் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை லீவு போடு, பத்து மணிக்குக் கூட்டிப்போகிறேன்.

அப்பா