விண்ணப்பம் நிரப்பும் மாணவருக்கு அருகே ஒருவர் இருக்கட்டும்

மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பும்போது உடனிருந்து உதவிவரும் தன்னார்வலன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அரங்கில் ஒருநாள் உரை நிகழ்த்திக் கையேடு ஒன்றைக் கொடுத்து அனுப்புவதோடு வழிகாட்டுதல் முடிந்துவிடுவதில்லை. விண்ணப்பம் போய்ச் சேரும்வரை மாணவருக்கு அருகே ஒருவர் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் அறிந்த மாணவி ஒருவர், மூன்று இரவுகள் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் நிரப்பிக் கட்டணமும் செலுத்தினார். பணம் வந்து சேர்ந்ததாகக் குறுஞ்செய்தி வந்ததும் வேலை முடிந்தது என்று நம்பிவிட்டார். ஆனால் கட்டணப் பக்கத்துக்கு அப்பால் உறுதிமொழிக் கட்டம் ஒன்று இருந்தது. அதில் டிக் செய்த பிறகே 'சமர்ப்பி' என்ற பொத்தான் தோன்றும். கடைசித் தேதி கடந்தபின் அவர் என்னிடம் காட்டிய திரையில் 'வரைவு' என்ற சொல்லே இருந்தது. கையேட்டை அவர் வரிவிடாமல் படித்திருந்தார் என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது.

அமெரிக்காவின் ஒஹையோ, வட கரோலினா மாநிலங்களில் 2008இல் பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த எளிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குக் கல்வி உதவித்தொகைப் படிவத்தை அங்கேயே உடனிருந்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கக்கூடும் என்ற தகவலை மட்டும் தந்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தோரின் விகிதம், உடனிருந்த உதவி பெற்ற பள்ளி இறுதியாண்டு மாணவர்களிடையே 28லிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இது எனக்கு வியப்பளிக்கவில்லை. பெற்றோரின் ஆண்டு வருமானத்தைக் கேட்கும் இடத்துக்கு வந்ததும், வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டுப் பக்கத்தையே மூடிவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் முறையில் விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படியே தர வேண்டும் என்பதை அறியாமல், கிடைத்துவிடும் என்று தோன்றும் கல்லூரியை முதலில் எழுதிவிடுகிறார்கள். இரண்டு சான்றிதழ்களில் பெயர் வேறுவேறாக இருப்பதும் பெரும்பாலும் பதிவேற்றும் நாளில்தான் கண்ணில் படுகிறது.

உதவி என்பது மாணவருக்காக எழுதிக் கொடுப்பதன்று. விசைப்பலகை மாணவரிடமே இருக்க வேண்டும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கைப்பேசி எண்ணும் அவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய கட்டுரை கேட்கப்பட்டால், கேள்விகள் கேட்டு அவருடைய சொற்களையே வெளிக்கொணர வேண்டுமேயன்றி, உதவுபவர் தம் நடையை அதில் ஏற்றக் கூடாது.

எனவே, விண்ணப்பக் காலத்தில் கணினி அறையை வாரம் இரண்டு மாலை திறந்து வைக்கவும், அப்பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு அதற்கீடாகப் பாடவேளைகளைக் குறைக்கவும், வருமான விவரம் நிரப்பும் நாளில் பெற்றோரையும் அழைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். சமர்ப்பித்த விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டு ஒவ்வொரு மாணவரின் கையிலும் இருக்கிறதா என்பதைக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வகுப்பாசிரியர் பெயர்வாரியாகச் சரிபார்த்துவிட வேண்டும்.

நன்றியுடன்,
தன்னார்வலர் ஒருவர்