தேறிய தாளுக்குக் காலக்கெடு எதற்கு?

ஆசிரியருக்கு,

வேலையும் குடும்பமும் ஒருசேர அழுத்த, நடுத்தர வயதில் பட்டம் பெற்ற பெண்மணியைப் பற்றி ஞாயிறு இதழில் படித்தேன். கண் கலங்கிவிட்டது. அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டிய கட்டுரை, இத்தனை ஆண்டுகள் ஏன் ஆனது என்று கேட்கவில்லை. மன உறுதி மட்டும் போதாது. இடறியவருக்கு எழுந்து நிற்க அவகாசமும் வேண்டும். பல நூற்றாண்டுகளாக யாராலும் நிறுவ முடியாதிருந்த கணிதக் கூற்றான ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவுவது, கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸுக்கு 10 வயதிலேயே வந்த கனவு. 1993இல் அவர் அறிவித்த நிரூபணத்தில் பிழை தெரிந்தது. தம் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994இல் அதைச் சரிசெய்தார். அந்த அவகாசம் அவருக்குக் கிடைத்தது.

எனக்குக் கிடைக்கவில்லை. அம்மா நோயில் படுத்ததால் பட்டப்படிப்பின் கடைசி 2 தாள்களை எழுதாமல் நின்றேன். அப்புறம் திரும்பிப் போனபோது, காலக்கெடு முடிந்துவிட்டது, முன்பு தேறிய 14 தாள்களும் செல்லாது என்றார்கள். முதலிலிருந்து தொடங்கி 52 வயதில் முடித்தேன். ஒருமுறை தேறிய தாள் தேறியதாகவே இருக்கட்டும். பாடத்திட்டம் மாறியிருந்தால், மாறிய பகுதிக்கு மட்டும் தேர்வு வைக்கலாம். இதைத் தாங்கள் தலையங்கத்தில் வலியுறுத்த வேண்டும்.