ஆர்.சி.யில் நம்ம வீட்டு முகவரி

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. குறுவை அறுத்தாயிற்று, நெல் களத்தில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இந்த மழையில் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? அது கிடக்கட்டும்.

நீ செந்திலுக்கு அனுப்பிய பழைய கார்களின் படங்களை அவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து காட்டினான். டஸ்டர், ஸ்கார்ப்பியோ, க்ரெட்டா, காம்பஸ் என்று நான்கு வண்டி. என்னிடம் கேட்காமல் அவனிடம் கேட்டதில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயுசில் பாதியை பஸ் டிப்போவில் வண்டிக்கு அடியில் பிட் குழிக்குள் நின்று கழித்தவன் நான். அவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். சரி, வெளி ஆளிடமா கேட்டாய், அத்தை மகனிடம்தானே. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி அனுப்புகிறேன். அவசரமில்லாமல் படி.

எந்த வண்டி என்பதை ஓட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உனக்கு இரண்டு ஓட்டம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ரோஜாவும் தக்காளியும் போட்டிருக்கிறவர்களின் தோட்டங்களுக்குப் போகும் மண் பாதை ஒன்று. ஓசூரிலிருந்து சேலம், நாமக்கல், முசிறி, திருச்சி, தஞ்சாவூர் வழியாக நம்ம ஊர் இன்னொன்று. கணக்குப் பார்த்தால் மண் பாதை கொஞ்சம்தான், நெடுஞ்சாலைதான் அதிகம். வேகத்தில் நேராகப் போகிற வண்டி, பிரேக் அடித்தால் ஆடாமல் நிற்கிற வண்டி முதலில் வேண்டும். மேடு பள்ளம் ஏறுவது அதற்கு அப்புறம்.

மனசுக்குப் பிடித்த வண்டி என்றால் எனக்கு ஸ்கார்ப்பியோதான். தனி சேசிஸ் மேல் உட்கார்ந்த பாடி, 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின், எந்த ஊரில் நின்றாலும் மெக்கானிக் கிடைப்பான். ஆனால் உனக்கு வேண்டாம். உயரமான வண்டி, வளைவில் வேகமாகத் திருப்பினால் சாயும். நீ பார்த்திருப்பது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல். பின்னால் ஆள் இல்லாமல் ஈர மண்ணில் போனால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் ஓடும். அது குடும்பமாக ஏழு பேர் ஏறிப் போகிற வண்டி. "நானும் ஆதியும் மட்டும்தான், மூன்றாவது வரிசை சீட்டு வேண்டாம்" என்று செந்திலிடம் சொன்னாயாம். அவன் அதைச் சொன்னபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

காம்பஸ் கெட்டியான வண்டி. 2017இல் ஐரோப்பாவில் மோதிப் பார்த்த சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2 லிட்டர் டீசல், 173 குதிரைத்திறன், ரோட்டில் இந்த நான்கில் அதற்கு இணை கிடையாது. ஆனால் ஸ்பேர் ஒவ்வொன்றும் விலை. வாரண்டி முடிந்த வண்டியில் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி போனால் உன் சம்பளத்தில் துண்டு விழும். நீ பார்த்ததில் முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது, தரையிலிருந்து உயரமும் குறைச்சல். விட்டுவிடு. க்ரெட்டாவை இரண்டாவதாக வைத்துக்கொள். அந்த 1.6 லிட்டர் டீசல் நல்ல இன்ஜின், சர்வீஸுக்கும் அலைய வேண்டாம். நான்கு சக்கர இழுவை மட்டும் அதில் கிடையவே கிடையாது.

என் ஓட்டு டஸ்டருக்கு. நீ அனுப்பியது 2016 வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கிற மாடல். அந்த மாடல் 2014இல்தான் இங்கே வந்தது. தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், பின்னாலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பள்ளத்தில் இறங்கினாலும் இடுப்பு ஆடாது. கியருக்குப் பக்கத்தில் திருகுகிற குமிழ் ஒன்று இருக்கும். தார் ரோட்டில் ஆட்டோவில் விடு, சேற்றில் லாக்கில் போடு, சேற்றைத் தாண்டியதும் திரும்ப எடுத்துவிடு. முதல் கியர் மிகவும் குட்டை, இழுவை இருக்கும், வேகம் வராது, வண்டியில் கோளாறு என்று பயந்துவிடாதே. மண் மேடு ஏறத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். சமதளத்தில் இரண்டாவதிலேயே கிளப்பலாம்.

2022இல் டஸ்டரை இங்கே நிறுத்திவிட்டார்களே என்று செந்தில் சொன்னான். இன்ஜினுக்குப் பயமில்லை, அதே இன்ஜின் நிஸான் டெரானோவிலும் ஓடுகிறது. பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற ஷாஃப்ட், கப்ளிங் இவைதான் தேடி அலைய வேண்டிய சாமான். அதனால் ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடி. கடகடவென்று சத்தம் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடு. நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு தேய்மானமா என்றும் பார். இரண்டு புதுசு இரண்டு பழசு என்று போட்டு ஓட்டியிருந்தால் அந்தக் கப்ளிங் அடி வாங்கியிருக்கும்.

முக்கியமான விஷயம் பெல்ட். இந்த 1.5 டீசலில் டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினே போய்விடும். மாற்றிய பில்லைக் காட்டச் சொல். "மாத்தியாச்சு மேடம்" என்று வாயால் சொன்னால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள். வாங்கிய அன்றே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்று. நடு ரோட்டில், அதுவும் ராத்திரியில், பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஏர்பேக்கும் பார். 2019 ஜூலையிலிருந்துதான் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் விலை குறைந்த மாடல்களுக்கு வைக்காமலே விற்றார்கள். இதே டஸ்டரை 2017இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத வண்டிக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை, ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் வைத்த வண்டிக்கு மூன்று கிடைத்தது. அப்புறம் பின் சீட்டில், உட்காரும் மெத்தைக்கும் சாயும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டுப் பார். இரும்பு வளையம் தட்டுப்பட்டால் ஆதியின் சீட்டை அதிலேயே மாட்டலாம். இல்லையென்றால் சீட் பெல்ட்டால் கட்டுகிற சீட் வாங்கு. மடியில் வைத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லையே.

நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காக எங்கேயும் இறக்கிவிடலாம் என்று நினைக்காதே. போன ஐப்பசியில் மேலத்தெருப் பக்கம் நிலம் பார்க்க வந்தவர்கள் பெரிய போர் பை போர் வண்டியில் வாய்க்கால் கரையில் ஏறினார்கள். மழை விட்டிருந்தது, கரையும் பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பத்தடி போவதற்குள் டயர் வெட்டு முழுக்கக் களிமண் அப்பி, சக்கரம் நான்கும் மொட்டையாகிவிட்டது. ஓட்டினவர் மிதிக்க மிதிக்க வண்டி முன்னே போகவில்லை, வாய்க்கால் பக்கமாகவே நழுவியது. நான்தான் போய் ஆக்ஸிலேட்டரை விடச் சொன்னேன். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, வெட்டில் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து, முன்னால் இரண்டு கட்டு வைக்கோலைப் பிரித்துப் போட்டு, இரண்டாவது கியரில் மெல்ல முன்னே நகர்த்தி எடுத்தோம். அஞ்செட்டிச் செம்மண் நம்ம களிமண் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் இறங்கி நடந்து பார்க்காமல் எந்த ஈரப் பாதையிலும் வண்டியை விடாதே. செருப்பு வழுக்கினால் டயரும் வழுக்கும்.

நீ பார்த்த க்ரெட்டா சென்னை நம்பர், 2017 மாடல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால்? அதைக் கழுவி, சென்ட் அடித்துத்தான் நிறுத்தியிருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சுருளின் உள்பக்கம் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டில் துரு பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னி கழற்றிய குழியில் வண்டல் இருக்கிறதா பார். அந்த வண்டி எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்களாம். படத்தில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, அதற்கு மேலும் ஓடியிருக்கும் போலிருக்கிறது. நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேள்.

டஸ்டர் கர்நாடக நம்பர் என்பதால் கொஞ்சம் அலைச்சல் உண்டு. அங்கிருந்து ஃபார்ம் 28 வைத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, பெயர் மாற்றத்துக்கு 29, 30 கொடுத்து, நம்ம மாநிலத்துக்கு வரி கட்டி, புது நம்பர் போட வேண்டும். பைனான்ஸ் இருந்த வண்டியா என்று ஆர்.சி.யில் பார்த்து, இருந்தால் கடன் முடிந்தது என்று ஃபார்ம் 35இல் பைனான்ஸ்காரரின் கையெழுத்து வாங்கிவிடு. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று.

ஆர்.சி.க்கு ஓசூர் முகவரி வேண்டாம், நம்ம வீட்டு முகவரி கொடுக்கலாமா என்று செந்திலிடம் கேட்டிருக்கிறாய்.

தாராளமாகக் கொடு. உன் ஆதாரில் இன்னும் நம்ம முகவரிதானே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி மாப்பிள்ளை எத்தனையோ தடவை சொன்னார், நீ மாற்றவில்லை. ஏன் என்று அப்போதும் நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. பொங்கலுக்கு அப்புறம் அவர் ஒரு தடவைகூட போனில் வரவில்லை. ஆடிக்கு அழைத்தபோது வேலை அதிகம் என்று நீதான் சொன்னாய். அம்மா தினமும் ஏதாவது கேட்கச் சொல்கிறாள். அப்பாயி இருந்திருந்தால் நேராகவே கேட்டிருப்பார். இந்த வீடு உன் வீடு, இந்த முகவரி உன் முகவரி. எழுதிக் கொடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை, என்னையும் கேட்க வேண்டியதில்லை.

கும்பகோணத்தில் பதிந்தால் டி.என். 68 நம்பர் வரும். வண்டியைக் கொண்டுவந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டியிருக்கும். அப்போது நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம். ஆதிக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லாதே. லீவு போட்டால் ஒன்றும் ஆகாது.

கடன் வாங்காதே. பழைய வண்டிக்கு வட்டி அதிகம், இன்னொருவர் கையெழுத்தும் கேட்பார்கள். யாரிடம் போய்க் கையெழுத்துக்கு நிற்பாய்? என் கிராஜுவிட்டி பணம் பேங்கில் சும்மா கிடக்கிறது. திருப்பித் தருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். வண்டி உன் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

நீ ஓட்டுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொள்ளிடக் கரையில் அத்தை வீட்டு ஜீப்பை அந்தக் குறுகின மதகு மேல் ரிவர்ஸில் எடுத்தாயே, ஊரே நின்று பார்த்தது. செந்தில் அன்றைக்கு இறங்கிக்கொண்டான், நீ இறங்கவில்லை. டிப்போவில் போய் அதை எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. ஆனால் தொப்பூர் கணவாயில் தைரியம் மட்டும் போதாது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற லாரிகள் பிரேக் பிடிக்காமல் பின்னால் வந்து மோதுகிற இடம் அது. ஏறுவதாக இருந்தால் எந்த கியர் போடுவாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதே. பின்னால் லாரி நெருங்கினால் வழி விட்டுவிடு. ராத்திரியில் அந்த வழியாக வரவே வராதே. விடிந்ததும் கிளம்பினால் மதியச் சாப்பாடு தாண்டி வீட்டுக்கு வந்துவிடலாம், அம்மா சாப்பாடு எடுத்து வைப்பாள். ராத்திரியில் கிளம்ப வேண்டிய நிலைமை எப்போதாவது வந்தால் எனக்குப் போன் செய், நான் அங்கே வந்துவிடுகிறேன். நீ தனியாக ஓட்டி வராதே. எத்தனை மணியானாலும் போன் செய்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலையில் ஓசூரில் இருப்பேன். வீட்டில் தங்க வசதிப்படாது என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் எடுத்துக்கொள்கிறேன், அதற்காக நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். டார்ச்சும் ஸ்பேனரும் கொண்டுவருகிறேன். அம்மா ஆதிக்கு அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்புவாள். பெல்ட் பில்லை மட்டும் அதற்குள் கேட்டு வாங்கி வை.

டஸ்டர்காரரிடம் இப்போதே சொல்லி வை, நாம் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது முதல் புகை என்ன நிறத்தில் வருகிறது என்று நான் பார்க்க வேண்டும். பானட்டில் கை வைக்கும்போது சூடாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவோம், வேறு வண்டி பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா