வேலைக்குப் போகிறவர்கள் நூலகத்துக்கு எப்போது போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. வாடகைக்கு இருப்பவர்களும் இதில் தப்பவில்லை, வீட்டுக்காரர் எப்படியும் வாடகையில் பிடித்துவிடுவார். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் சட்டம் என்று நவம்பரில் நூலக வார விழா மேடைகளில் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் வரி கட்டுகிற எங்களைப் போன்றவர்கள் உள்ளே போகிற மாதிரி நேரம் வைத்திருக்கிறார்களா?

நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். கடையை விட்டு இறங்க இரவு எட்டு ஆகிவிடும், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை ஏழுக்கே பூட்டிவிடுகிறார்கள். ஞாயிறு வியாபாரம் சூடாக இருக்கும் என்பதால் எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை! அச்சகம், பட்டறை, தையல் கடை என்று எந்த வேலைக்குப் போகிறவரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் மீதோ, குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகள் மீதோ எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை, அவர்களுக்கும் போக வேறு இடம் ஏது. ஆனால் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கிற ஆட்களை, அதிலும் பெண்களை, அங்கே பார்ப்பது அபூர்வம். அவர்களுக்கென்று அங்கே எதுவும் நடப்பதும் இல்லை.

வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூல் வெளியீடு, பொன்னாடை, குழுப் புகைப்படம், அதோடு சரி. அதில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்களும் வாத்தியார்களும் இருக்கிறார்கள், அவர்கள் மாதம் ஒரு மாலை உட்கார்ந்தால் எவ்வளவோ செய்யலாம். பட்டா சிட்டா எடுக்க, முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பிக்க, காப்பீட்டு அட்டை வாங்க, எல்லாவற்றுக்கும் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துக் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டு வருகிறோம். போனில் யாரோ ஓடிபி கேட்டால் சொல்லிவிடக் கூடாது என்பதே என் மாமியாருக்கு இப்போதுதான் தெரியும். அவர் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர், அப்புறம் பழக்கம் விட்டுப்போய் இப்போது பஸ் போர்டு மட்டும்தான் வாசிக்கிறார். பெரிய எழுத்துப் புத்தகமும், கூட உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆளும் இருந்தால் அவர் கட்டாயம் வருவார். நூலகத்தில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, உறை போட்டபடி.

சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் 'பொன்மாலைப் பொழுது' என்று எழுத்தாளர்களை அழைத்துப் பேச வைக்கிறார்கள், மதுரைக்கு 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. நல்லது. அந்தக் கட்டடங்களையா இங்கே கேட்கிறோம்? வாரத்தில் இரண்டு நாள் இரவு ஒன்பதரை வரை விளக்கு எரிந்தால் போதும்.

நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோகும் 'நூலக நண்பர்கள்' திட்டம் அரசிடமே இருக்கிறது. அதைக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் நீட்டினால் என்ன? 1931-லேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள், அதைத் தொடங்கி வைத்தவர் நூலகச் சட்டத்துக்காகப் பாடுபட்ட அதே எஸ்.ஆர்.ரங்கநாதன். இப்போது டூவீலரில் ஒரு பை போதும்.

இதையெல்லாம் நூலகர் தலையில் கட்டச் சொல்லவில்லை. அந்த அம்மா ஒருத்தரே பூட்டைத் திறந்து, பெருக்கி, புத்தகம் அடுக்கி, ரெஜிஸ்டர் எழுதி, மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார். இரவு நேரத்துக்குத் தனியாக ஓர் ஆள் போட வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும், அதற்குத்தான் அந்த 10 பைசா. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியைப் பாக்கி வைக்காமல் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுகின்றனவா என்று உங்கள் நிருபர்கள் ஊர் ஊராக விசாரித்து எழுதினால் உதவியாக இருக்கும்.

அதுவரை, வாசகர் வட்டத்தார் அடுத்த கூட்டத்தையாவது இரவு எட்டரைக்கு மேல் வையுங்கள். கடை ஆட்கள் நாங்களும் வருகிறோம், பொன்னாடை வேண்டாம், என்ன வேண்டும் என்று நேரில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்